ஒரு பயனர், ஒரு குரல்

கிட்டுசாமியை என் வீட்டு வாசல்படி ஏற விடமாட்டேன் என்று நான் சொல்லிப் பல வருஷம் ஆகிறது. அப்படி இருக்க, அன்று காலை என் மேஜை மேலிருந்தே அவன் பேசினான்.

நான் லேப்டாப்பில் தட்டியது "சாவித்திரி, காபி கொண்டா" என்பதுதான். தினமும் தட்டுவது. ஆனால் அதிலிருந்து என் குரலுக்குப் பதிலாக, ஜலதோஷம் பிடித்தது போன்ற கிட்டுசாமியின் குரல் வந்தது. உள்ளே இருந்த என் மனைவி யாரோ ஒறம்பரை வந்துவிட்டதாக நினைத்து, தலையைச் சரிசெய்துகொண்டு இரண்டு டம்ளரோடு வந்தாள். அறையில் நான் மட்டும் இருந்தேன்.

"இப்பப் பேசுனது ஆருங்க?"

"நான்தான்" என்று தட்டினேன். அதையும் கிட்டுசாமியே சொன்னான். சாவித்திரி டம்ளர்களை வைத்துவிட்டு ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். உடுமலைப்பேட்டையைச் சுற்றி எங்கே கபடி நடந்தாலும் மைக் என் கையில்தான் இருக்கும். "உங்கள் நாச்சிமுத்து பேசுகிறேன்" என்று ஆரம்பித்தால் சுண்டல் விற்பவன்கூட நின்று திரும்பிப் பார்ப்பான். பீற்றிக்கொள்வதாக நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், நடந்தது அதுதான். பிறகு நான் மென்ற புகையிலை என் தொண்டையை மென்றது. கோயம்புத்தூரில் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஓர் ஓட்டை மிஞ்சியது.

மாசக்கணக்கில் பேச்சில்லாமல் சுவரைப் பார்த்துக் கிடந்தேன். அப்போதுதான் தமயந்தி வந்தாள். பாலிடெக்னிக்கில் கணினி சொல்லித்தருபவள். கட்டற்ற மென்பொருள் குழு என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். யாரோ கழித்துப்போட்ட லேப்டாப்புகளைச் சரிசெய்து, வாகை என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு, பேச்சிழந்தவர்களுக்குச் சும்மா கொடுப்பார்கள். வாகையோடு சேர்ந்து வரும் உலாவிக்கு நாரை என்று பெயர். நாம் தட்டுவதை நாரை பேசும். பழைய பதிவுகளைக் கொடுத்தால் நம் குரலிலேயே பேசும். என் குரல் பதிவுகளுக்கா பஞ்சம்? முதல் நாள் அது "சாவித்திரி" என்று என் குரலில் கூப்பிட்டபோது இரண்டு பேரும் அழுதோம்.

கிட்டுசாமிக்கும் அதே புகையிலை, அதே ஆஸ்பத்திரி, அதே லேப்டாப். அவனும் கபடி வர்ணனைக்காரன்தான். பொள்ளாச்சி இறுதிப் போட்டியில் நான் டீ குடிக்கப் போன நேரத்தில் மைக்கைப் பிடித்தவன், கோப்பை கொடுத்து முடிக்கும்வரை திருப்பித் தரவில்லை. அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது.

தமயந்திக்கு மெசேஜ் அனுப்பினேன். பதில் வரவில்லை, ஆளே வந்துவிட்டாள். ஹெல்மெட்டைக் கழற்றக்கூட மறந்து உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

"எல்லாருக்கும் மாறிப்போச்சுங்ணா. தாராபுரத்துல ஒரு அம்மா பேசுனா ஆம்பளைக் குரல் வருது. உங்க குரல் கிட்டுசாமி அண்ணன் மிஷின்ல இருக்குது. எங்க குழு கொடுத்த நாப்பது சொச்சம் மிஷின்லயும் இதே கதைதான்."

அவள் முன்னால் கிட்டுசாமி குரலில் பேச எனக்கு மனம் வரவில்லை. போனில் தட்டி எழுத்தாகக் காட்டினேன்: ஏன்?

"வாகை முழுசா இலவசம். யார் வேணாலும் எடுக்கலாம், மாத்தலாம், அடுத்தவங்களுக்குக் கொடுக்கலாம். கூட வர்ற நாரை அப்படி இல்லை. அந்தப் பேரு, சின்னம், குரல் வசதி எல்லாம் வெளிநாட்டு நிறுவனம் ஒண்ணோடது. முதல் தடவை திறக்கறப்ப ஒரு உரிம ஒப்பந்தம் வரும். 'ஒப்புக்கொள்கிறேன்'னு அழுத்தினாத்தான் வேலை செய்யும்."

எனக்கு அப்படி எதுவும் வரவில்லையே என்று காட்டினேன்.

"வராதுங்ணா. பேச்சு போயி நொந்து கிடக்கறவங்க கைல ஒரு பொட்டியைக் கொடுத்து, இங்கிலீஷ்ல நாப்பது பக்கம் படிங்கன்னா நல்லாவா இருக்கும்? நாங்க கொடுக்கற மிஷின் ஒரு கேள்வியும் கேட்கக் கூடாது. அது எங்க குழுவோட வழக்கம். அதனால ஒரே ஒரு மிஷினை நான் தயார் பண்ணி, கேட்ட இடத்துல எல்லாம் நானே சரின்னு அழுத்திட்டு, அதை அப்படியே நகல் எடுத்து மத்த எல்லாத்துலயும் போட்டோம்." அப்போதுதான் ஹெல்மெட் ஞாபகம் வந்து கழற்றினாள். "நாரையைப் பொறுத்தவரைக்கும் நீங்க கிடையாது. கிட்டுசாமி அண்ணன் கிடையாது. ஒரே ஒரு ஆளுதான் இருக்குது. அது நான்."

நல்ல எண்ணத்தில் செய்த காரியம் நாசமாய்ப் போவதைப் பார்த்திருக்கிறேன். இது அந்த வகை. செத்துப்போனவர்கள் குரலில் வீடு எழுதிக் கொடுக்கும் மோசடி பெருகியதால் போன வருஷம் அரசாங்கம் குரல் சட்டம் கொண்டுவந்தது. கணினி பேசும் ஒவ்வொரு குரலுக்கும் உயிரோடு ஓர் உரிமையாளர் இருக்க வேண்டும், ஓர் ஆளுக்கு ஒரு குரல்தான். நாரை அதற்கேற்றபடி ஒப்பந்தத்தை மாற்றி, ஒரே பெயரில் கிடந்த குரல்களை எல்லாம் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது, அதில்தான் மாறிப்போயிருக்கின்றன. அறிவிப்பு ஒரு மாசத்துக்கு முன்பே தமயந்தி பெயருக்கு வந்துவிட்டது. கணினிகளைத் தயார் செய்வதற்கென்று அவள் திறந்த மெயில் முகவரிக்கு. அதை அதற்குப் பிறகு அவள் திறந்து பார்க்கவே இல்லை.

"இன்னைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு, ஒரு குரலை வச்சுக்கிட்டு மத்ததை எல்லாம் அழிச்சுரும்" என்றாள். "எதை வச்சுக்கணும்னு யாரும் சொல்லலைன்னா, அதிகமாப் பேசுன குரல் எதுவோ அது நிக்கும்."

அதிகமாகப் பேசிய குரல் எது என்று அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. என் வாய் அப்படி.

"நிறுவனத்துகிட்டப் பேசலாமில்ல கண்ணு?" என்றாள் சாவித்திரி.

தமயந்தி அதையும் செய்துகாட்டினாள். என் லேப்டாப்பில் உதவி என்ற இடத்தை அழுத்தினாள். அந்தப் பக்கம் இருந்ததும் மனுஷன் இல்லை. பயனர் தன் பெயரைச் சொல்லட்டும் என்று சுத்தமான தமிழில் கேட்டது.

"நான் தமயந்தி" என்றாள்.

"குரல் பொருந்தவில்லை. நீங்கள் தமயந்தி அல்ல."

"நான்தான் தமயந்தி. அந்த ஒப்பந்தத்துல அழுத்துனதே நான்தான்."

"குரல் பொருந்தவில்லை. பயனரைப் பேசச் சொல்லுங்கள்."

அவள் இன்னொரு தடவை சொன்னாள், சத்தமாக. அது அதே பதிலை அதே பொறுமையோடு சொன்னது. சொந்தத் தொண்டையில் சொந்தப் பெயரைச் சொல்லும் ஒரு பெண்ணைப் பார்த்து, நீ அவள் இல்லை என்று ஒரு பொட்டி சொல்கிறது. எனக்கு அந்த லேப்டாப்பைத் தூக்கி எறியலாம் போல ஆத்திரம் வந்தது.

"அது நினைக்கற தமயந்தி நீங்கதாங்ணா" என்றாள் அவள். "என் பேருக்கு எதிர்ல உங்க குரலைத்தான் பதிஞ்சு வச்சிருக்குது. நாரையை எழுதுன மூலநிரலை எடுத்து, பேரை மாத்தி நாமளே ஒண்ணு செஞ்சுக்கலாம், அதுக்குத் தடை இல்லை. ஆனா குரல் எல்லாம் அவங்க சர்வர்ல பூட்டிக் கிடக்குது. அதை எடுக்க முடியாது."

பிறகு அவள் குனிந்துகொண்டு பேசினாள். "ரெண்டு வழி இருக்குங்ணா. ஒண்ணு, நீங்க சும்மா இருந்தாப் போதும். ஆறு மணிக்கு உங்க குரல் மட்டும் நிக்கும். அப்புறம் அந்தக் கணக்கையே உங்க பேருக்கு மாத்திக் கொடுத்துருவேன். ஒரே ஒரு குரல் இருந்தா மாத்த விடுது. குரலும் உங்களுது, பேரும் உங்களுது."

இன்னொன்று என்ன என்று நான் கேட்கவில்லை. சாவித்திரி கேட்டாள்.

"பயனரே பேசணும். தட்டிப் பேசுனாப் போதும், குரல் பொருந்தணும். நான் தமயந்தி, இந்தக் குரல் என்னுது இல்லைன்னு ஒவ்வொண்ணாக் கேட்டுக் கேட்டுச் சொன்னா, அந்தக் குரல் எல்லாம் தனித்தனியாப் பிரிஞ்சு அவங்கவங்ககிட்டப் போயிரும். அழியாது. ஆனா அப்படிச் சொன்ன குரல் தமயந்தியோடதுன்னு நிரந்தரமா உறுதியாயிரும். மாத்த முடியாது. அண்ணன் அப்புறமும் அதுல பேசலாம், நான் ஒண்ணும் சொல்லப்போறதில்லை. ஆனா என் பேர்லதான் பேசணும். நாச்சிமுத்துன்னு சொல்ல வந்தா ஆள்மாறாட்டம்னு நிறுத்திரும்."

"நீ என்ன பண்ணுவே கண்ணு, உன்ற குரலே உன்னுது இல்லைன்னு ஆயிட்டா?" என்று கேட்டாள் சாவித்திரி.

"குரல் கேட்கற ஆபீஸ்ல எல்லாம் அண்ணனைக் கூட்டிட்டுப் போகணும்" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. "தப்பு நான் பண்ணுனது. ஆனா முடிவு அண்ணனோடது. நான் வற்புறுத்த மாட்டேன்."

அவள் வெளியே போய் மற்றவர்களுக்குப் போன் செய்துகொண்டிருந்தாள். சாவித்திரி என் எதிரில் உட்கார்ந்தாள்.

"சும்மா இருந்தாப் போதும்னா சும்மா இருங்க" என்றாள். "நீங்க பேசாமக் கிடந்த அத்தனை மாசமும் இந்த ஊட்டுல நான் டிவியைப் போட்டு வச்சுக்கிட்டே வேலை செஞ்சேன். சத்தமில்லாம எனக்குப் பயமா இருந்துச்சு. அந்த நாப்பது பேரு ஆரோ எவரோ. எனக்கு அவியளைத் தெரியாது."

அவள் சொன்னது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. வாழ்நாள் முழுக்க வாயைத் திறந்து பிழைத்தவனுக்கு, வாயை மூடிக்கொண்டிருந்தால் எல்லாம் கிடைக்கும் என்கிறார்கள். அதுவும் வாய் இல்லாத காலத்தில். நான் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். மதியச் சோற்றைத் தொடவில்லை. அழியப்போகும் குரல்களில் கிட்டுசாமியுடையதும் ஒன்று என்று நினைத்தபோது, உள்ளே ஒரு மூலையில் குளிர்ந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

வெயில் இறங்கியபோது வாசலில் என் குரல் கேட்டது.

"நாச்சி."

சாவித்திரி பதறி எழுந்தாள். நான் அவள் முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். வாசலில் கிட்டுசாமி நின்றிருந்தான். பாதி ஆளாக இளைத்திருந்தான். கழுத்தில் என்னைப் போலவே துணி. இடது கையில் லேப்டாப்பை ஏந்திக்கொண்டு வலது கையால் தட்டினான்.

"நாச்சி, என்ற குரல் உங்கிட்ட இருக்குதுன்னு அந்தப் புள்ள சொல்லுச்சு. சாயங்காலம் போயிருமாமா? குடுத்துர்றா. உனக்குப் புண்ணியமாப் போகும்."

அத்தனையும் என் குரல். என் குரல் திமிராகப் பேசிக் கேட்டிருக்கிறேன், கிண்டல் செய்து கேட்டிருக்கிறேன், ஆயிரம் பேருக்கு முன்னால் கத்திக் கேட்டிருக்கிறேன். கெஞ்சிக் கேட்டதே இல்லை. அது அவ்வளவு சின்னதாக ஒலிக்கும் என்று எனக்குத் தெரியாது.

"உள்ள வா" என்று தட்டினேன். தன் குரல் தன்னையே உள்ளே கூப்பிடுவதைக் கேட்டு அவன் முகம் கோணியது. படியேறி வந்து உட்கார்ந்தான்.

தமயந்தி போனை வைத்துவிட்டு உள்ளே வந்தாள். அவளுக்குப் பொய் வராது. என்னிடம் சொன்ன இரண்டு வழியையும் அவனிடமும் சொன்னாள். நான் சும்மா இருந்தால் எனக்கு எல்லாம் கிடைக்கும் என்பதையும் சேர்த்தே சொன்னாள். கிட்டுசாமி என்னை நிமிர்ந்து பார்த்தான். மேலும் கெஞ்சியிருந்தால் மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பேன். அவன் கெஞ்சவில்லை. லேப்டாப்பை என் பக்கம் தள்ளினான். தள்ளும் முன் கடைசியாக ஒன்று தட்டினான்.

"இந்தா, உன்னுது. பொள்ளாச்சியிலயே குடுத்திருக்கோணும்."

பாவி, அதையும் என் குரலில் சொல்லிவிட்டான். நான் சாவித்திரியைப் பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து உள்ளே போனாள். டிவி போடும் சத்தம் கேட்டது.

தமயந்தி, என் குரல் இருந்த அவன் லேப்டாப்பில் உதவியைத் திறந்து, நாற்காலியை எனக்கு இழுத்துப் போட்டாள். பயனர் தன் பெயரைச் சொல்லட்டும் என்றது.

"நான் தமயந்தி" என்று தட்டினேன்.

என் குரல் கணீரென்று சொன்னது. பிறகு அந்தப் பொட்டி, "வணக்கம், தமயந்தி" என்றது. பக்கத்தில் நின்ற தமயந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஒவ்வொரு குரலாகப் போட்டது. தாராபுரத்து அம்மா. குன்னத்தூர் பஸ் கண்டக்டர் ஒருவர். பிறவியிலேயே பேச்சில்லாத சிந்தாமணி என்ற பெண், பத்துப் பதினைந்து குரல்களைக் கேட்டுப் பார்த்துத் தனக்கென்று கலந்து செய்துகொண்ட குரல். ஒவ்வொன்று முடிந்ததும் "இது உங்கள் குரலா, தமயந்தி?" என்று கேட்கும். "இது என் குரல் இல்லை" என்று நான் தட்ட வேண்டும். ஒரு தடவை தட்டியதை அப்படியே திரும்பப் போடக்கூட விடவில்லை, ஒவ்வொரு தடவையும் புதிதாகத் தட்ட வேண்டும்.

பாதியில் கரண்ட் போனது. இணையமும் சேர்ந்து போனது. தமயந்தி தன் போனிலிருந்து இணையம் கொடுத்தாள். இன்னொருவர் கழித்துப்போட்ட லேப்டாப் அது, பேட்டரி சிவப்பில் நின்றது. கிட்டுசாமி சொல்லாமலே எழுந்து திரை வெளிச்சத்தைக் குறைத்தான். எனக்கு வேர்த்து விரல் வழுக்கியது. இரண்டு இடத்தில் தப்பாகத் தட்டி, அது மறுபடி முதலிலிருந்து அந்தக் குரலைப் போட்டது. சாயங்காலம் போய்க்கொண்டிருந்தது. இறுதிப் போட்டிகளில்கூட என் நெஞ்சு அப்படி அடித்ததில்லை.

கிட்டுசாமி குரல் வந்தது. மைக்கை ஊதிப் பார்த்துவிட்டு அவன் பேசும் பழைய பதிவு. நான் விரலை விசைப்பலகை மேல் வைத்துக்கொண்டு கொஞ்சம் நிறுத்தினேன். அவன் மூச்சுவிடவில்லை. "இது என் குரல் இல்லை" என்று தட்டினேன். அந்த நாற்பதில் நான் மனசாரச் சொன்னது அது ஒன்றுதான்.

கடைசியாக என்னுடையது. ஏதோ ஒரு மேட்சின் ஆரம்பம், பின்னால் விசில் சத்தம். "உங்கள் நாச்சிமுத்து பேசுகிறேன்." அது முடிந்ததும் கேட்டது: "இது உங்கள் குரலா, தமயந்தி? உறுதி செய்தால் பிறகு மாற்ற இயலாது."

ஆறு மணிக்குக் கொஞ்சம்தான் இருந்தது. பேட்டரி எப்போது வேண்டுமானாலும் போகலாம். நியாயமாக அந்த இடத்தில் எதையாவது நினைத்திருக்க வேண்டும். ஒன்றும் நினைக்கவில்லை. "ஆமாம். இது என் குரல். நான் தமயந்தி" என்று தட்டினேன். "உறுதி செய்யப்பட்டது" என்று சொல்லி முடித்ததும் லேப்டாப் அணைந்துவிட்டது. கிட்டுசாமி என் தோளைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றான்.

குரல்கள் பிரிந்து அவரவரிடம் திரும்பிய பிறகு தமயந்தி வீடு வீடாகப் போனாள். ஒப்பந்தத்தைத் தமிழில் எழுதி எடுத்துப்போய், ஒவ்வொருவர் பக்கத்திலும் உட்கார்ந்து முழுக்க வாசித்துக் காட்டினாள். பிடித்தால் அவர்களே அழுத்திக்கொள்ளட்டும் என்றாள். சிந்தாமணி மட்டும் எல்லாம் கேட்டுவிட்டு மாட்டேன் என்று தலையாட்டிவிட்டாளாம். தான் செய்த குரலுக்கு யாரோ விதி போடுவதாக இருந்தால் அந்தக் குரலே வேண்டாம் என்று எழுதிக் காட்டினாளாம். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நான் வீட்டில் என் குரலிலேயே பேசிக்கொண்டிருந்தேன். காபி கேட்டேன், பேப்பரில் வந்த செய்திக்குத் திட்டினேன். அதில் ஒன்றும் குறைவில்லை. என் பேச்சு எல்லாம் சட்டப்படி தமயந்தியின் பேச்சு என்பது சமையலறைக்குத் தெரியவா போகிறது?

போன வாரம் காங்கயத்திலிருந்து போன் வந்தது. பையன்கள் யாரோ புதிதாகக் குழு ஆரம்பித்து, பெரிய மேட்ச் நடத்துகிறார்கள். போனை லேப்டாப் பக்கத்தில் வைத்தேன்.

"வணக்கங்க. கபடி வர்ணனைக்கு ஆளு வேணும்னு நம்பர் குடுத்தாங்க. நாங்க ஆருகூடங்க பேசறோம்?"

கை பழக்கத்தில் தட்டிவிட்டது: நாச்சிமுத்து பேசறேன். நாரை பேசவில்லை. திரையில் ஒரு வரி வந்தது. இந்தப் பெயரில் பேச உங்களுக்கு உரிமை இல்லை.

நான் "கண்ணு, ஒரு நிமிஷம்" என்று தட்டினேன். அது வந்தது. அதற்கு மேல் என்ன தட்டுவது என்று தெரியவில்லை. தமயந்தி என்று சொல்லவா? முப்பது வருஷம் மைக்கில் முழங்கிய பெயர், எதிரில் கேட்பவனிடம் சொல்ல வழியில்லை.

"ஹலோ, குரலு கேக்குதுங்க. பேருதான் கேட்டோம். ஆருங்க அது?"

சாவித்திரி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கட்டிக்கொண்ட நாளிலிருந்து என் பெயரை அவள் சொன்னதில்லை. இவிய என்பாள், எங்கூட்டுக்காரர் என்பாள். ரேஷன் கடையில் கேட்டால் கார்டை நீட்டி விரலால் தொட்டுக் காட்டுவாள். ஆஸ்பத்திரியில் என்னை அறுக்க எடுத்துப்போகும்போது, நர்ஸ் பேர் கேட்டதற்குப் பக்கத்தில் இருந்தவரைச் சொல்ல வைத்தவள்.

கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து போனை எடுத்தாள். என்னைப் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நாச்சிமுத்துங்க" என்றாள். குரல் உள்ளுக்குள் போய்விட்டது போலிருக்கிறது, அந்தப் பையன் மறுபடி கேட்டான். அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னும் சத்தமாகச் சொன்னாள்.

"நாச்சிமுத்து. அவிய பேரு நாச்சிமுத்துங்க. பக்கத்துலதான் இருக்கறாங்க, சொல்லுங்க."